பார்ட்டி வீட்டில் போலீஸ், பையன் கையில் டிக்கெட்: அடுத்து என்ன?

கேள்வி சுருக்கமாக: மகனுக்கு 19 வயது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, எஃப்-1 என்கிற மாணவர் விசா. சனிக்கிழமை இரவு, சீனியர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பார்ட்டி. பக்கத்து வீட்டார் புகார் சொல்ல, போலீஸ் வந்து கையில் பீர் கப் இருந்த சின்னப் பையன்களுக்கெல்லாம் டிக்கெட், அதாவது விதிமீறல் நோட்டீஸ், எழுதிவிட்டது. இது கிரிமினல் கேஸா? வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் எப்படி வந்தார்கள்? 100 டாலரைக் கட்டிவிட்டு மறந்துவிடலாமா? விசா என்ன ஆகும்? பல்கலைக்கழகம் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?

முதலில் பதற்றத்தைக் குறைக்கிற செய்தி. மிச்சிகனில் 21 வயதுக்குள் மதுவோடு முதல் தடவை பிடிபட்டால் அது கிரிமினல் குற்றமே அல்ல; வேகமாக வண்டி ஓட்டியதற்குத் தரும் டிக்கெட் மாதிரி ஒரு சிவில் விதிமீறல். அபராதம் அதிகபட்சம் 100 டாலர். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தக் காகிதத்தை எழுத்து விடாமல் படிக்கச் சொல்லுங்கள். ஒரே பார்ட்டியில் நாலைந்து வகை டிக்கெட் எழுதுவார்கள். 21 வயதுக்குள் மது வைத்திருந்தது, சத்தம், பொது இடத்தில் மூடி திறந்த பாட்டில், சிறுவர்களுக்கு மது கொடுத்தது, வீட்டில் குடிக்க விட்டது. எல்லாம் ஒரே மாதிரித் தாளில்தான் வரும். அதில் சில சிவில், சில சிறைக்குப் போகக்கூடிய குற்றம். எந்தச் சட்டப்பிரிவு எழுதியிருக்கிறது, மாநிலச் சட்டமா நகராட்சி விதியா, ‘சிவில்’ கட்டத்தில் டிக் இருக்கிறதா ‘மிஸ்டிமீனர்’ (சிறு கிரிமினல் குற்றம்) கட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் அடுத்த எல்லா முடிவையும் தீர்மானிக்கும்.

18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், கடன் வாங்கலாம். பீர் மட்டும் 21-ல்தான். இந்த முரண்பாட்டுக்குப் பின்னால் ஒரு சாலை நிதி விவகாரம் இருக்கிறது. 1971-ல் ஓட்டு வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. இளைஞர்கள் சாலை விபத்துகளில் சாவது கூடியது. 1984-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21-க்கு உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வரை வெட்டு என்றது. 1988-க்குள் வயோமிங் உட்பட எல்லா மாநிலமும் பணிந்தன. மிச்சிகனோ யாரும் மிரட்டுவதற்கு முன்பே, 1978 இறுதியில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 21-க்குப் போய்விட்டது. மத்தியச் சட்டம் கேட்பது வாங்குவதற்கும் பொது இடத்தில் வைத்திருப்பதற்கும் தடை, அவ்வளவே. மிச்சத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி எழுதிக்கொண்டது. அதனால் வேறு மாநிலத்தில் படிக்கும் சொந்தக்காரப் பையன் சொல்லும் அனுபவத்தை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஓஹியோவில் இதே பீர் கப் மூன்றாம் நிலை மிஸ்டிமீனர், சட்டப்படி 60 நாள் வரை சிறைக்கு இடமுண்டு. பென்சில்வேனியாவில் முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம். டெக்சாஸில் 500 டாலர் வரை அபராதத்தோடு மது விழிப்புணர்வு வகுப்பு, சமூக சேவை, 30 நாள் ஓட்டுநர் உரிம முடக்கம். விஸ்கான்சினில் பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பாரிலேயே குடிக்கலாம்.

மிச்சிகனில் இந்தக் குற்றத்தை எல்லோரும் எம்.ஐ.பி. (மைனர் இன் பொசெஷன், வயது வராதவர் மது வைத்திருத்தல்) என்பார்கள். பெயரில் ‘வைத்திருத்தல்’ என்று இருந்தாலும் சட்டம் அதைவிட அகலமானது. வாங்குவது, வாங்க முயல்வது, குடிப்பது, வைத்திருப்பது, உடம்பில் மது இருப்பது என எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே “கப்பைக் கீழே போட்டுவிட்டேன், என்னை ஒன்றும் செய்ய முடியாது” என்பது வெறும் நம்பிக்கை. 2018 ஜனவரி 1-க்கு முன் முதல் தடவையே மிஸ்டிமீனர். வேலை விண்ணப்பத்தில் ஆயுசுக்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இப்போது முதல் தடவை சிவில், கூடவே சமூக சேவை, மதுப்பழக்கப் பரிசோதனை என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தச் செலவு மாணவனுடையது. இந்தச் சலுகை ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது தடவை மிஸ்டிமீனர், 200 டாலர் வரை அபராதம். நீதிமன்ற உத்தரவை மீறினால் 30 நாள் வரை சிறை. மூன்றாவது 500 டாலர், 60 நாள். எனவே அந்த முதல் டிக்கெட்டை ஒப்புக்கொள்வது என்பது கையிலிருக்கும் ஒரே சலுகையைச் செலவழிப்பது.

போலீஸ் எப்படி இந்த வீட்டைக் கண்டுபிடித்தது என்று பையன்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் சத்தப் புகார்தான் தொடக்கம். அதோடு ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி திறக்கும் வாரம், கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகள், ஹாலோவீன், மார்ச்சில் செயின்ட் பேட்ரிக் நாள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஓவர்டைம் போட்டு ஆள் நிறுத்துவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காருகிற நாளில் சுற்றுத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று போலீசுக்கு நன்றாகவே தெரியும். நடந்து ரோந்து போகிறவர்களின் கண் தேடுவது நாலு விஷயம்: புல்வெளியில் சிவப்பு பிளாஸ்டிக் கப், பீர் பீப்பாய், வாசலில் காசு வாங்கும் ஆள், வயதைக் கேட்காமல் உள்ளே விடப்படும் கூட்டம்.

பழைய பாணியில் கதவைத் தட்டி “எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்” என்பார்கள். கூட்டம் பின்பக்க வேலியைத் தாண்டி ஓடும். யாராவது கால் உடைத்துக்கொள்வார்கள், குடித்தவன் காரை எடுப்பான். இதைத் தவிர்க்க இப்போது பல ஊர்களில் திட்டமிட்டுக் கலைக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆள் நிறுத்தி, ஒரே வாசல் வழியாக வரிசையாக வெளியே விட்டு, அடையாள அட்டை பார்த்து, 21-க்கு மேற்பட்டவர்களை அனுப்பிவிட்டு, மற்றவர்களிடம் டிக்கெட் எழுதி, போதை அதிகமானவரைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைப்பது. உங்கள் மகன் “ஒவ்வொருத்தராக வரிசையில் நிற்க வைத்தார்கள்” என்று சொன்னால் நடந்தது இதுதான்.

இனி வாரண்ட். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தப்படி, வீட்டுக்குள் நுழைய மூன்று வழிதான்: நீதிபதி தந்த வாரண்ட், வீட்டில் குடியிருப்பவரின் சம்மதம், அல்லது காத்திருக்க முடியாத அவசரம். சத்தப் புகார் இதில் எதுவும் அல்ல. மற்றவரைப் போல போலீசும் வாசல்வரை நடந்து வரலாம், கதவைத் தட்டலாம், பேசலாம். அங்கே நின்றபடி கண்ணில் படுவதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் வீட்டாருக்கு இல்லை. 2011-ல் கென்டக்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. சிறை இல்லாத சின்ன மீறலுக்காக வாரண்ட் இன்றி வீட்டுக்குள் புகுவதை 1984-லேயே நீதிமன்றம் கிட்டத்தட்ட மூடிவிட்டது. அந்த வழக்கும் விஸ்கான்சினின் கல்லூரி ஊரான மேடிசனில் பிறந்தது என்பது பொருத்தமான தற்செயல்.

அவசரம் என்ற வாசல் எவ்வளவு அகலம் என்பதற்கு யூட்டாவின் பிரிகம் சிட்டி வழக்கைப் பார்க்க வேண்டும். அதிகாலை 3 மணி, சத்தப் புகார். போலீஸ் கொல்லைப்புறம் வந்தபோது இரண்டு சிறுவர்கள் பீர் குடிப்பது தெரிகிறது. சமையலறைக்குள் ஒரு பையனை நாலு பெரியவர்கள் அடக்கப் பார்க்கிறார்கள். அவன் விட்ட குத்தில் ஒருவர் ரத்தத்தைத் துப்புகிறார். போலீஸ் உள்ளே நுழைந்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது சரி என்றது. காரணம் பீர் அல்ல, அடிபட்ட ஆள். பார்ட்டியில் அடிதடி, மயங்கிக் கிடக்கும் ஆள், அலறல் இருந்தால் வாரண்ட் பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது.

நடைமுறையில் பெரும்பாலான வீடுகளுக்குள் போலீஸ் போவது சம்மதத்தின் பேரில்தான். “உள்ளே வந்து பேசலாமா?” என்று சாதாரணமாகக் கேட்பார்கள். போதையிலோ பயத்திலோ யாராவது கதவை அகலத் திறந்து ஒதுங்கி நிற்பான்; அதையே சம்மதம் என்று பின்னால் வாதிடுவார்கள். விருந்தாளி கொடுக்கும் சம்மதம் எந்த அளவு செல்லும் என்பதே தனி வழக்கு. வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவருக்குப் பதிலாகச் சம்மதம் தர முடியாது. ஒரே வீட்டில் குடியிருப்பவர்களில் ஒருவன் வாசலில் நின்று “வேண்டாம்” என்றால் இன்னொருவன் சொல்லும் “வாங்க” செல்லாது. இது 2006 ஜார்ஜியா வழக்கின் தீர்ப்பு. பூட்டிய தனி அறைக்கு அந்த அறைக்காரனின் சம்மதமே தேவை. பல்கலைக்கழக விடுதி அறைக் கதை வேறு: விடுதி ஒப்பந்தத்திலேயே நிர்வாகம் உள்ளே வர அனுமதி எழுதியிருக்கும்.

உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடிய ஒன்று: போலீஸ் சட்டத்தை மீறி நுழைந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அதைச் சொல்லித் தப்பிக்கிற உரிமை பெரும்பாலும் குடியிருப்பவருக்குத்தான். இரவு தங்கிய விருந்தாளிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1990-ல் தீர்ப்பு வந்தது. சிறிது நேரம் வந்து போகிறவருக்கு இல்லை என்ற திசையில் 1998 தீர்ப்பு போகிறது. உங்கள் மகன் இரண்டு மணி நேரம் வந்திருந்த ஆள். இந்த வாதத்தை நம்பி டிக்கெட்டை எதிர்க்க முன்வந்தால் வக்கீலிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தடவைக்கு, அதாவது அவன் நண்பர்கள் வாசலில் நிற்க நேர்ந்தால்: பாட்டை நிறுத்திவிட்டு, வீட்டில் குடியிருக்கும், நிதானமாக உள்ள ஒருவர் மட்டும் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு பேச வேண்டும். “சத்தத்தைக் குறைத்துவிட்டோம், ஆட்களை அனுப்புகிறோம், உள்ளே வர எனக்குச் சம்மதம் இல்லை” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். பல இரவுகள் இதிலேயே முடிந்துவிடும். அதையும் மீறி உள்ளே வந்தால் கை நீட்டித் தடுக்கக் கூடாது. தடுப்பது தனிக் குற்றம். சண்டையைக் கோர்ட்டுக்கு விட்டுவிட வேண்டும். விருந்தாளியாக மாட்டியவன், “நான் போகலாமா?” என்று கேட்கலாம். போகக் கூடாது என்றால் பெயரையும் பிறந்த தேதியையும் உண்மையாகச் சொல்லி, “எவ்வளவு குடித்தாய், யார் கொடுத்தார்கள்” என்ற கேள்விகளுக்கு, பதில் சொல்ல விருப்பமில்லை என்று நிறுத்திக்கொள்ளலாம். ஊதிக் காட்டச் சொன்னால், மிச்சிகனில் நடந்து போகிற, காரோடு சம்பந்தமில்லாத இளைஞனிடம் அவன் சம்மதம் இல்லாமலோ நீதிமன்ற உத்தரவு இல்லாமலோ அந்தச் சோதனை செய்ய முடியாது. முன்பு மறுத்தால் அபராதம் இருந்தது. 2007-ல் மத்திய நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது, பிறகு சட்டமும் மாறியது. ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இந்த உரிமை எதுவும் இதே வடிவில் இல்லை. 21-க்குக் கீழ் என்றால் ரத்தத்தில் 0.02 சதவீதம் இருந்தாலே அது வண்டியோட்டிய குற்றம், பெரியவர்களுக்கான 0.08 அவனுக்குப் பொருந்தாது.

பீர் கப்பை விட நூறு மடங்கு கெட்டது போலி அடையாள அட்டை. எண்ணிக்கையைப் பாருங்கள். மிச்சிகனில் முதல் தடவை பீர் குடித்தால் 100 டாலர் சிவில். அதே பீரை வாங்கப் போலி அட்டை காட்டினால் 93 நாள் வரை சிறை வைக்கக்கூடிய மிஸ்டிமீனர், கூடவே ஓட்டுநர் உரிம முடக்கம். போலீசிடம் பொய்ப் பெயர் சொல்வது, அண்ணனின் அட்டையைத் தன்னுடையது என்று நீட்டுவது எல்லாம் இதே வரிசை. குடியேற்ற அதிகாரிகளின் கண்ணில் ஏமாற்றும் நோக்கம் உள்ள குற்றங்கள் தனி ரகம். வெறுமனே பீர் குடித்தது அந்த ரகத்தில் சேராது, போலி ஆவணம் சேரக்கூடும். இணையத்தில் ஆர்டர் செய்த அட்டை பர்சில் இருந்தால் இன்றைக்கே கத்தரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த சீனியர்களின் நிலை உங்கள் மகனுடையதைவிட மோசம். 21 வயதுக்குள் உள்ளவருக்கு மது கொடுத்தால் மிச்சிகனில் 60 நாள் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். கொடுத்த மதுவால் அந்தப் பையன் செத்துப்போனால் அது 10 ஆண்டு வரை போகிற ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். கொடுக்காமல், தன் வீட்டில் குடிக்கிறார்கள் என்று தெரிந்தும் விட்டுவிடுவதற்கு இன்னொரு பிரிவு: 30 நாள், 1,000 டாலர். வாசலில் 5 டாலர் வாங்கி கப் கொடுத்திருந்தால் உரிமம் இல்லாமல் மது விற்றது என்று இன்னொரு வழக்கும் சேரும். “பீர் செலவைப் பங்கு போட்டோம்” என்பது அங்கே எடுபடாது. பென்சில்வேனியாவில் சட்டம் இன்னும் கொடூரமாக எண்ணும்: முதல் ஆளுக்குக் குறைந்தது 1,000 டாலர், அடுத்து ஒவ்வொரு ஆளுக்கும் 2,500. பத்துப் பேருக்கு ஊற்றியவன் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதற்கு மேல் சிவில் இழப்பீடும் இருக்கிறது. சிறுவருக்கு ஊற்றிக்கொடுத்த வீட்டார்மீது நஷ்டஈடு கேட்கலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1985-ல் வழி திறந்துவிட்டது. உங்கள் மகன் அடுத்த வருடம் நாலு பேரோடு சேர்ந்து வீடு எடுக்கப் போகிறான் என்றால், வாடகை ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தும் இருக்கும். பார்ட்டி வைத்தவன் அறைத்தோழன்தான் என்று அப்போது தள்ளி நிற்பது கடினம்.

குடிக்கப்படுவது எவ்வளவு என்ற கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். அமெரிக்காவில் ‘ஒரு டிரிங்க்’ என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால்: 355 மில்லி சாதாரண பீர், அல்லது 148 மில்லி ஒயின், அல்லது 44 மில்லி வோட்கா. 1.75 லிட்டர் வோட்கா பாட்டிலில் கிட்டத்தட்ட 39 டிரிங்க் இருக்கிறது. அதை 6 லிட்டர் பழச்சாற்றில் கலந்து பெரிய வாளியில் வைத்து ‘ஜங்கிள் ஜூஸ்’ என்பார்கள். சிவப்பு கப் நிறைய அள்ளினால் அது ஒரு டிரிங்க் அல்ல, இரண்டரை. வோட்காவுக்குப் பதில் 95 சதவீத தானிய ஆல்கஹாலை ஊற்றினால் அதே அளவு கப்பில் கிட்டத்தட்ட ஆறு, ருசியில் தெரியாது. கல்லீரல் கழிப்பதோ மணிக்கு ஏறக்குறைய ஒன்று. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். “தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்” என்று விட்டவன் சாவது இதனால்தான்.

எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு 8-க்குக் குறைவாக மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி, உதடு நகம் நீலம், உடம்பு சில்லிட்டிருப்பது, மயக்கத்தில் வாந்தி, வலிப்பு. இதில் ஒன்று போதும், 911 அழைக்க. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். காபி, குளிர்ந்த ஷவர், வாந்தி எடுக்கவைப்பது எதுவும் உதவாது. சில நேரம் கொன்றுவிடும். போலீஸ் வரும் என்ற பயத்தில் அழைக்காமல் விடுவதுதான் பார்ட்டி வீடுகளில் நடக்கும் மிகக் கொடிய தவறு. அதற்காகவே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. டெக்சாஸில் 2011-லும் மிச்சிகனில் 2012-லும் மாநிலச் சட்டமானது. மிச்சிகன் சட்டப்படி உதவி தேவைப்பட்ட 21-க்குட்பட்டவர், அவருக்காக அழைத்தவர், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஆகியோர்மீது எம்.ஐ.பி. போட முடியாது. விலக்கின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்: அது குடித்த குற்றத்துக்கு மட்டும். ஊற்றிக்கொடுத்ததற்கோ போலி அட்டைக்கோ அல்ல. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் முதலில் அழைத்தவர், ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றவர், ஒத்துழைத்தவர் என்ற நிபந்தனைகளும் உண்டு.

இப்போது விசா. இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது. சிவில் டிக்கெட் ஒன்று எஃப்-1 தகுதியை முறிக்காது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டாம்பும், அமெரிக்காவுக்குள் இருக்கும் மாணவத் தகுதியும் இரண்டு வேறு விஷயங்கள். ஸ்டாம்ப் ரத்தானபின் ஊருக்கு வந்தால் திரும்பப் போகப் புது விசா வேண்டும். 2015 நவம்பரிலிருந்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை வராமலே, தூதரகம் விசாவை ரத்து செய்யலாம் என்ற நடைமுறை இருக்கிறது. வீட்டுப் பார்ட்டி டிக்கெட் அதில் வராது. ஆனால் 2025 வசந்த காலத்தில் போலீஸ் தரவுத்தளத்தில் பெயர் தட்டுப்பட்டது என்பதற்காகவே ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) திடீரென்று முடிக்கப்பட்டன. அவற்றில் சின்ன மீறல்களும் தள்ளுபடியான வழக்குகளும் இருந்தன. நாடெங்கும் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் 25 அன்று அரசு அவற்றைத் திருப்பிப் பதிவிடுவதாக நீதிமன்றங்களில் சொன்னது. ஆகவே “சின்ன டிக்கெட்தானே” என்ற அலட்சியம் இந்தக் காலத்துக்கு ஏற்றதல்ல.

இதைவிடப் பெரிய பொறி கோர்ட்டில் இருக்கிறது. டிக்கெட் மிஸ்டிமீனராக இருந்தால், “குற்றத்தை ஒப்புக்கொள், வகுப்புக்குப் போ, ஆறு மாதம் ஒழுங்காக இரு, பிறகு பதிவையே அழித்துவிடுகிறோம்” என்று ஒரு ஏற்பாட்டை முன்வைப்பார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல பேரம். வெளிநாட்டு மாணவனுக்கு அல்ல. குடியேற்றச் சட்டத்தில் ‘தண்டனை’ என்பதற்குத் தனி வரையறை: குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏதேனும் ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தால், மாநிலம் பிறகு அழித்தாலும் அது தண்டனையே. மிச்சிகனில் இளைஞர்களுக்கான இத்தகைய ஏற்பாட்டின் பெயர் ஹைட்டா. அதுவும் குடியேற்றக் கணக்கில் தண்டனைதான் என்று அந்த வட்டாரத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வழக்கை நிறுத்திவைக்கும் ஏற்பாடு, அல்லது சிவில் விதிமீறலாகக் குறைத்துக்கொள்வது: வக்கீல் கேட்க வேண்டியது இவை. நாடுகடத்தும் விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. ஆனால் வக்கீலே இல்லாமல் தானே போய் “ஆமாம், செய்தேன்” என்பவனுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

விசா விண்ணப்பமான டி.எஸ்-160-ல் “எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டனை பெற்றதுண்டா” என்ற கேள்வி வரும். மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. டிக்கெட்டை நீட்டிவிட்டு அனுப்பினார்களா, விலங்கு போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரேகை எடுத்தார்களா என்பதைப் பையனிடம் துல்லியமாகக் கேளுங்கள். இரண்டாவது என்றால் அது கைது. மறைத்தால், மறைத்ததே மூல விஷயத்தைவிடப் பெரிய குற்றமாகும். வழக்கு முடிந்ததும் நீதிமன்ற முத்திரையிட்ட தீர்ப்பு நகல் இரண்டு மூன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து சென்னைத் தூதரக ஜன்னலில் அதைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் மிச்சிகனில் யாரைப் பிடிப்பது?

காகித வேலை இப்படிப் போகும். ஆன் ஆர்பர் என்றால் 15-வது மாவட்ட நீதிமன்றம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஈஸ்ட் லான்சிங் என்றால் 54பி மாவட்ட நீதிமன்றம். டிக்கெட்டில் அச்சிட்ட கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பேசாமல் விட்டால் அவனைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சிவில் டிக்கெட்டில் மூன்று வழி: பொறுப்பை ஏற்பது, விளக்கத்தோடு ஏற்பது, மறுப்பது. மறுத்தால் முறைசாரா விசாரணை கேட்கலாம். அதில் வக்கீல் இருக்க மாட்டார், டிக்கெட் எழுதிய போலீஸ்காரர் வருவார். முறையான விசாரணை கேட்டால் வக்கீலோடு போகலாம், எதிரே அரசு வக்கீலும் நிற்பார். ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே ஸ்டூடண்ட் லீகல் சர்வீசஸ் என்ற இலவசச் சட்ட அலுவலகம் இருக்கிறது. ஈஸ்ட் லான்சிங்கிலும் மாணவர் சங்கம் வழியாக அப்படி ஒன்று உண்டு. அங்கே முதலில் போகட்டும். அதன்பின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம், வக்கீல் சொன்ன அளவுக்குத் தெரிவிக்கலாம். அந்த அலுவலகம் நல்ல மனிதர்களால் நிறைந்ததுதான். ஆனால் அவர்கள் வக்கீல்கள் அல்ல, அவர்களிடம் சொல்வது ரகசியமும் அல்ல.

பல்கலைக்கழகம் தனியாக ஒரு ஒழுங்கு விசாரணை நடத்தலாம், வளாகத்துக்கு வெளியே நடந்ததற்கும். அங்கே ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலே போதும். முதல் தடவைக்குப் பெரும்பாலும் எச்சரிக்கையும் ஓர் இணைய வகுப்பும். இரண்டாவது தடவைக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. அது மேற்படிப்பு விண்ணப்பத்தில் கேட்கப்படலாம். கோர்ட் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அங்கே எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டுக்கும் போகக்கூடும் என்பதால், எழுதுவதற்கு முன் வக்கீல் பார்க்கட்டும். சமூக ஊடகப் படங்களையும் மறக்க வேண்டாம். 2009-ல் விஸ்கான்சினின் லா கிராஸ் நகரில் ஒரு மாணவன் ஃபேஸ்புக்கில் தெரியாத பெண்ணின் நட்பு அழைப்பை ஏற்றான். அது போலீஸ் கணக்கு. பீரோடு இருந்த படத்துக்கு 227 டாலர் கட்டினான்.

போலீஸ் எப்போதும் சரி என்றும் எண்ண வேண்டாம். 2013-ல் வர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில்லில் 20 வயது மாணவி ஒருத்தி கடையிலிருந்து தண்ணீர் டப்பாக்கள் அடங்கிய பெட்டியோடு வந்தாள். பீர் என்று நினைத்து சாதாரண உடையில் இருந்த மதுத்துறை ஆட்கள் காரைச் சூழ்ந்தார்கள், ஒருவர் துப்பாக்கியும் உருவினார். பயந்து காரைக் கிளப்பியவள் ஓர் இரவு சிறையில் கழித்தாள். வழக்கு கைவிடப்பட்டது; மாநிலம் 2,12,500 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. டிக்கெட் மழை பொழிவதால் குடி குறைகிறதா என்பதும் பழைய விவாதம். 2008-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் 21 வயது விதியையே மறுபரிசீலனை செய்யக் கோரிக் கையெழுத்திட்டார்கள், எதுவும் மாறவில்லை. என் பார்வையில், யாரைப் பிடிப்பது என்பதை பார்ட்டி வைப்பவர் பக்கம் திருப்பி, பருவம் தொடங்கும்போதே அதை மாணவர்களுக்கு உரக்கச் சொல்கிற ஊர்களில்தான் கொஞ்சம் பலன் தெரிகிறது. தனித்தனி மாணவனுக்கு 100 டாலர் டிக்கெட் எழுதுவது நகராட்சிக் கணக்கில் வரவு, அவ்வளவே.

கடைசியாக, பல்கலைக்கழகம் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 18 தாண்டிய மாணவனின் பதிவுகள் அவனுடையவை. பெற்றோருக்குத் தருவதைத் தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது. 1998-ல் செய்த திருத்தம், 21-க்குக் கீழ் இருப்பவர் மது விதியை மீறினால் பெற்றோருக்குச் சொல்ல பல்கலைக்கழகத்துக்கு அனுமதி தருகிறது. அது அனுமதி, கட்டாயமல்ல. பல இடங்களில் முதல் தடவைக்குச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு இது தெரிந்தது மகன் வாயிலாகத்தான் என்றால், இந்த வாரம் போனில் கேட்க வேண்டியது மூன்று: டிக்கெட்டின் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பு, கெடு எந்தத் தேதி, யாரிடமாவது எதையாவது எழுதிக்கொடுத்தாயா.